பழைய பத்திரிகைகளுக்குப் போட்ட பூட்டு

சித்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் அத்தை கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கடை வைத்திருந்தார். ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். திருப்பதியில் பொறியியல் முடித்த எனக்கு, பெங்களூரு வேலையில் சேரப் பத்து நாள் இருந்தது. கடைக் கணினி வைரஸால் இரண்டு முறை படுத்திருந்தது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தேன்.

அத்தை உரிமத்தோடு வாங்கிய வடிவமைப்பு மென்பொருளோ விண்டோஸுக்கு மட்டுமானது. பன்னிரண்டு வருடப் பத்திரிகைகளும் அதில்தான் திறக்கும். எங்கள் பக்கம் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், "மூத்தவளுக்கு அடிச்ச மாதிரியே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்று முதல் கல்யாணத்தில் சண்டை போட்டுத் தீர்த்தாயிற்று. அதை மறுபடி தொட யாருக்கும் தைரியம் கிடையாது. கோப்புகள் போனால் கடையும் போனதுதான்.

வைன் என்ற இடைநிலை மென்பொருள் வழியாக அதை லினக்ஸில் ஓட வைத்தேன். வைன் எந்த விண்டோஸ் நிரலையும் ஓட்டும், அது கெடுதல் செய்தால் தடுக்காது. ஆகவே கணினியில் சில கட்டுப்பாடுகளைப் போட்டு, அவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். ஒன்று, அந்த வேலைக்குத் தனிப் பயனர் கணக்கு. இரண்டு, பழைய கோப்புகளை அந்தக் கணக்கிலிருந்து படிக்கலாம், மாற்ற முடியாது. மூன்று, நகலெடுத்து 'இன்றைய வேலை' என்ற அடைவில், அதாவது ஃபோல்டரில், மட்டும் திருத்த வேண்டும். நான்கு, இணையம் கிடையாது. முழுப் பிரதி எடுக்க ஹார்ட் டிஸ்க் சொல்லியிருந்தேன். அது இன்னும் வரவில்லை.

நான்காம் நாள் காலை அத்தை பொறுமை இழந்தார்.

"இன்னாடி, என் கடையில என்னையே வெளிய நிக்க வெச்சிக்கினு கீற? இந்தப் பூட்ட எடுத்துடு."

"மத்தியானம் எடுத்துடறேன் அத்தை."

பதினோரு மணிக்கு வடமாலபேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டாவது மகள் கல்யாணம். கோயில் படம் இருப்பதாகச் சொல்லி ஒரு பென் டிரைவ் தந்தார். அடைவு போலத் தெரிந்ததை அத்தை இரண்டு தட்டுத் தட்டினார். அது அடைவல்ல, வைரஸ். வைன் அதையும் சமர்த்தாக ஓட்டியது. 'இன்றைய வேலை'யில் இருந்த கோப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறி உருக்குலைந்தன.

அத்தை சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எல்லாம் பூட்ச்சா?"

கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். மறுபடி போட்டு, என் கணக்கில் நுழைந்து பழைய அடைவைத் திறந்தேன். எண்ணிக்கை சரி. தேதிகள் சரி. ஒன்றுகூட மாறவில்லை. கெட்டுப்போனது அன்றைய இரண்டு நகல்கள் மட்டுமே. தனிக் கணக்கை அழித்துப் புதிதாகப் போட அரை மணி நேரம் ஆனது.

வடமாலபேட்டைக்காரருடைய மூத்த மகள் பத்திரிகை திரையில் வந்தது. அவர் எழுந்து வந்து குனிந்தார்.

"பெரிய மச்சான் பேரு மேலதான கீது?"

"கீதுங்க" என்றார் அத்தை.

"அப்பாடா. அத மாத்திட்டா எங்கூட்டுக்காரி துன்னச் சோறு போடமாட்டா."

நான் தாளில் ஐந்தாவதாக எழுதினேன்: பென் டிரைவிலிருந்து படத்தை மட்டும் நகலெடுக்கவும். அத்தை அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மத்தியானம் எடுக்கறன்னு சொன்னியே? எடுத்த, கைய ஒடிச்சிடுவேன்."