புதுப்பட்டினத்தில் முதலில் நீண்ட கைகள்

மின்சார ரயில் செங்கல்பட்டை நெருங்கும்போது எஸ்தர் போனில் அழைத்தாள். புதுப்பட்டினம் சபையின் போதகர் அவள். “ஐயா போய்ட்டாரு” என்றாள். எந்த ஐயா என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரே ஐயாதான்: செங்கல்பட்டில் திருச்சபை ஊழியர் பயிற்சிப் பள்ளியின் முதல்வர், போதகர் ஞானமுத்து. அங்கே அவரோடு நெடுநாள் பாடம் நடத்தியவன் நான். பாதி நாள் அவரோடு சண்டை போட்டவனும் நான்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சிங்கப்பெருமாள் கோயிலில் அறை எடுத்துத் தங்கித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை ஞாயிறு ஆராதனைக்கு வர ஷிப்டு விடுவதில்லை. ஐயா ஆராதனையையே அவர்கள் அறைக்குக் கொண்டுபோனார். வேலை முடிந்து வந்தவர்கள் முன்னால் மாணவர்கள் பிரசங்கிக்க வேண்டும், அதுதான் தேர்வு. எங்கள் கெட்டிக்கார மாணவன் ஒருவன் கிரேக்க மூலத்தையெல்லாம் எடுத்துவிட, கேட்டவர்கள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். “நல்லா தூங்கட்டும்ப்பா. எழுந்ததும் டீ வாங்கிக் குடு, அதுவும் ஊழியந்தான்” என்றார் ஐயா. கிரேக்கம் கற்பிக்கும் எனக்குக் கோபமான கோபம். டீக்கும் சேர்த்து மதிப்பெண் போடச் சொன்னார், போட்டேன்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் பருவம் முழுவதும் பிரசங்க பீடம் ஏறக் கூடாது. சபையாரோடு உட்கார்ந்து, கிறிஸ்துவின் நினைவாக அப்பம் பகிரும் திருவிருந்தில் முழங்காலிட்டு அதை வாங்க வேண்டும், அவ்வளவுதான். “வாங்கத் தெரியாத கை குடுக்கக் கூடாது” என்பார்.

எஸ்தர் குருப்பட்டம் பெற்றுப் புதுப்பட்டினம் போனபோது, அங்கே சபைக் கமிட்டித் தலைவரான படகுக்காரர் பாக்கியநாதன் ஐயாவின் அறைக்கே வந்துவிட்டார். “அந்தப் பொண்ணு பிரசங்கம் பண்ணட்டும், கேட்டுக்கினு இருக்கோம். அப்பம் மட்டும் பொம்பள கையால வாங்க மாட்டோம்” என்றார். சபை ஏற்காவிட்டால் எஸ்தரைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். பிறகு எந்தப் பெண்ணையும் அந்தக் கடற்கரைக்கு அனுப்ப மாட்டார்கள். பேராயருக்கு எழுதலாம் என்று நான் குதித்தேன். ஐயா, ஞாயிற்றுக்கிழமை போகலாம் வா என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு எஸ்தர் அப்பத்தை ஏந்தி நின்று அழைத்தாள். ஒருவரும் எழவில்லை. முழங்கால் வலிக்காரரான ஐயா எழுந்து, பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து நடந்தார். தான் பயிற்றுவித்த பெண்ணின் முன் முழங்காலிட்டு, புது மாணவனைப் போல இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் அப்பத்தைக் கொடுத்தாள். அடுத்து நான் போனேன். எனக்குப் பின்னால் மீன் விற்கும் பெண்கள் வந்தார்கள், பிறகு அவர்கள் வீட்டு ஆண்கள். பாக்கியநாதன் மட்டும் அசையவில்லை. அன்றிலிருந்து அவர் திருவிருந்து ஞாயிறுகளில் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்கு வந்து அப்பம் வாங்கினார்.

ஐயாவின் அடக்க ஆராதனையை எஸ்தர்தான் நடத்தினாள். புதுப்பட்டினமே வேன் பிடித்து வந்திருந்தது. அழுகைக்கு நடுவே எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் மனிதர் ஜெயித்துவிட்டார். மண் போட்டு முடிந்ததும் பாக்கியநாதன் எஸ்தரிடம் வந்தார்.

“எனக்கும் வயசாயிடுச்சும்மா. என்னையும் நீதான் அடக்கம் பண்ணணும்.”

“அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாங்க” என்றாள் அவள்.

வந்தார். எஸ்தர் முன் முழங்காலிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். நான் பார்த்தேன், சாட்சி சொல்கிறேன்.

ஐயாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, முதலில் வாங்கக் கற்கும் அந்த வழக்கத்தைத்தான். அடுத்த பருவத்தில் புதிய மாணவர்கள் வரும்போது, திருவிருந்தில் அவர்களுக்கும் முந்தி முழங்காலிட்டுக் கை நீட்டப்போகிறவன் நான்.