கிளாஸஸ் ஃபோல்டரில் அண்ணன் பெயர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான். ஆகவே நீங்கள் சிரித்தாலும் கோபமில்லை. என் வேலை ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதுவது. எது நடந்தாலும் காரணம் ஏதாவது ஒரு ஃபோல்டரில் இருக்கும் என்று நம்புகிற ஆள்.

பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊர் இறால் பிடிப்பது பாடு முறையில். இந்த இடத்தில் இன்றைக்கு இந்த வலை, நாளைக்கு அடுத்த வலை, ஒரு வலைக்கு இரண்டு பேர். அந்த வரிசையைப் போனில் பார்க்க நான்தான் தளம் செய்து கொடுத்தேன். என் அண்ணன் ஏழுமலையும் நைனாவும், அதாவது எங்கள் அப்பாவும், ஒரு வலை. போன வருஷம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அண்ணன் போய்விட்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை. நைனா ஏரிக்குப் போவதையே விட்டார். பட்டியலில் அவர் பெயரை எடுத்தேன், அண்ணன் பெயரை எடுக்க மட்டும் கை வரவில்லை.

ஒருநாள் நைனாவே சொன்னார். "அவன் பேர எட்த்துடும்மா. ஊர்ல படிக்கச் சொல்லோ வயிறு எரியுது."

மறுநாள் பகலில் உட்கார்ந்தேன். அவசரத்தில் பெயர்களையெல்லாம் கிளாஸ் ஃபைல் என்கிற புரோகிராம் ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது என் தப்பு. அண்ணன் பெயரை எடுத்துவிட்டு, புரோகிராமைப் புதிதாகக் கட்டிய ஜார் ஃபைலை லிப் ஃபோல்டரில் போட்டேன், சோதிக்க என் லேப்டாப்பிலேயே சர்வரை ஓட்டினேன். அண்ணன் அப்படியே இருந்தான். பழைய கிளாஸ் ஃபைல் கிளாஸஸ் ஃபோல்டரில் கிடந்தால் சர்வர் முதலில் அதைத்தான் எடுக்கும், கத்துக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். போய்ப் பார்த்தேன், கிடந்தது. அழித்துவிட்டு சர்வரை மறுபடி கிளப்பினேன். மறுபடி அண்ணன். ஃபோல்டரில் அதே ஃபைல். நெட்டைத் துண்டித்துவிட்டு மூன்று தடவை அழித்தேன், நம்பினால் நம்புங்கள், மூன்று தடவையும் வந்தது.

கடைசித் தடவை ஒன்று கூடியிருந்தது. 'நாளை: ஏழுமலை. கூட: கோவிந்தன்.'

கோவிந்தன் என் நைனா. லேப்டாப்பை மூடித் துணிகளுக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

விடிந்ததும் பார்த்தால் வாசலில் நைனா நிற்கிறார், தோளில் வலை.

"எங்க நைனா கெளம்பிட்ட?"

"இன்னாம்மா கேக்கற? இன்னிக்கு எங்க பாடாச்சே. எம்பேரும் வந்துட்சு இல்ல?"

காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். யார் சொன்னது என்று எத்தனையோ முறை கேட்டேன், அவர் வலையைத் தோளில் சரிசெய்துகொண்டார். வலையை இறக்கி வைக்க மத்தியானமாகிவிட்டது.

நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அந்த ஃபைல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, தொடப் பயம். பட்டியல் சுற்றிச் சுற்றி வந்து நாளைக்கு மறுபடி அண்ணன் பாடு. நைனாவிடம் நான் சொல்லவில்லை. காலையிலிருந்து அவர் வாசலில் உட்கார்ந்து வலையை உதறிக்கொண்டிருக்கிறார்.