சாய்ந்து உட்காராதவர்

மண்டியிட்டு, தலையைத் தரையோடு ஒட்டிவைத்து, நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் உட்காருவார். வங்கியானாலும் மருத்துவமனையானாலும் இதில் மாற்றமில்லை. ஏதோ விழுந்துவிட்டது போலும் என்று பக்கத்தில் இருப்பவர்களும் குனிந்து தேடத் தொடங்குவார்கள். உட்கார்ந்தாலும் நுனியில்தான். அவர் முதுகு சாய்ந்ததை யாரும் கண்டதில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தப்பவும் இப்படித்தான். எந்திரிச்சு ஓடப்போறாருன்னு எங்கப்பா வாசக்கதவச் சாத்திட்டாரு" என்பார் மனைவி.

தெருவில் அவருக்கு நாற்காலி டாக்டர் என்று பெயர். சென்ற நூற்றாண்டின் பேர்பெற்ற வெளிநாட்டு நாற்காலிகளைப் பழுதுபார்க்கிறார். அவற்றை உருவாக்கியவர்களை ஒருநாளும் பார்த்ததில்லை. பேச்சோ சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். வளைத்த இரும்புக் குழாயில் நாற்காலி செய்தவர் "நம்ம சைக்கிள்காரர்". அவருக்கு அந்த யோசனை வந்ததே சைக்கிள் கைப்பிடியைப் பார்த்துத்தானாம். மேசைக்கடியில் இத்தனை கால்களா என்று சலித்துப்போய், ஒரே தண்டில் நாற்காலியை நிறுத்தியவர் "ஒத்தக்கால் மாமா". ஒட்டுப்பலகையைச் சூட்டில் வளைத்து, உடம்புக்கேற்ற குழிவு கொடுத்த தம்பதி "அண்ணன் அண்ணி".

"அண்ணன் அண்ணிக்கு மனசு தங்கம். ஆணி தெரிஞ்சா அழகு கெட்டுடும்னு ரப்பர வச்சு ஒட்டிட்டாங்க. அவங்க நிம்மதியாப் போய்ச் சேந்துட்டாங்க. பயம் நம்ம தலையில" என்பார்.

அந்த நாற்காலியின் முதுகுப்பலகையைத் தாங்குவது தடித்த ரப்பர் வட்டுகள்தான். பழையவை கெட்டிப்பட்டால் புதியவற்றை ஒட்ட வேண்டும். அதற்கு முன் வட்டின் முகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காத ரப்பர் ஒட்டிக்கொண்டதுபோல நடிக்கும். சோதனைக்குக் கட்டும் மணல்மூட்டையைக்கூட ஏமாற்றிவிடும். பிறகு என்றோ ஒருநாள், சாய்ந்தவரோடு பலகையும் பின்னால் போகும்.

பெண் பல் மருத்துவர் ஒருவர் கொடுத்த "அண்ணன் அண்ணி" நாற்காலியைச் சரிசெய்து அனுப்பிய மறுவாரம், ரப்பர் வட்டுகள் வைக்கும் இழுப்பறையைத் திறந்தார். அதற்கென்று தேய்த்து வைத்த வட்டுகள் அதிலேயே இருந்தன. பக்கத்து இழுப்பறையின் வழவழப்பான வட்டுகளைக் காணோம்; ஒட்டி அனுப்பியது அவற்றைத்தான். அந்த அம்மாளின் கணவர் முதுகில் அறுவை செய்துகொண்டவர். பகலெல்லாம் அந்த நாற்காலியில்தான் இருப்பார்.

போனை எடுத்தார், வைத்தார். அது தானாக ஒலித்தபோதோ எடுக்கவே இல்லை. மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க. போய்ச் சொல்லிட்டு வாங்களேன்" என்றார் மனைவி.

"சொல்லிட்டா அப்புறம் எவன் என்னை நம்பி நாற்காலி குடுப்பான்?"

"அந்த மனுஷன் விழுந்தா மட்டும் குடுப்பாங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பல் மருத்துவர் வீட்டில், கணவர் அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க டாக்டர். இதுல உக்காந்தாத்தான் வலியே தெரியல" என்று சிரித்தார். சிரிப்புக்குத் தகுந்தபடி முதுகுப்பலகை மெல்ல அசைந்தது.

"கொஞ்சம் எந்திரிங்க சார்."

"ஏன், ஏதாவது கோளாறா?" என்று கேட்டார் பல் மருத்துவர்.

நாற்காலி டாக்டரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டு மட்டும் அசையவே இல்லை. "எந்திரிங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்" என்பதுதான் வந்தது.

கணவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டாக்டர் மண்டியிடவில்லை, அடியில் பார்க்கவில்லை. நாற்காலியின் உள்வரை போய் உட்கார்ந்து சாய்ந்தார். பலகை தாங்கியது. அது போதவில்லை அவருக்கு. போவதானால் என் முதுகோடு போய்த் தொலையட்டும் என்று மனதுக்குள் மன்றாடியபடி, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மறுபடியும் பின்னால் சாய்ந்தார்.