பம்ப் ஏற்றிய வண்டிக்கு வாரண்டி

எங்கள் கரிசல் பக்கம் புது டிராக்டர் வாங்கினால், டயருக்கு அடியில் நசுக்கிய எலுமிச்சம்பழம் காய்வதற்குள் பம்பை ஏற்றிவிடுவார்கள். டீசல் பம்பில் கம்பெனி வைத்த சீல் உடைபடும். திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுவார்கள். மழைக்குப் பிறகு எங்கள் மண் டயரை விடவே விடாது. இழுக்க வண்டிக்குத் தெம்பு வேண்டுமே! சீல் உடைந்தால் வாரண்டி போச்சு என்று எல்லாரும் நம்பினார்கள். அப்புறம் வண்டியில் எது கெட்டாலும் ஷோரூம் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

நாகலாபுரத்தில் என் மதினியும் ஏற்றித்தான் வைத்திருந்தார். அண்ணன் வெளிநாட்டில் இருந்ததால் நிலமும் வண்டியும் மதினி பொறுப்பு. ஐப்பசியில் மக்காச்சோளம் விதைக்க ஈரம் பதமாக இருந்த நேரம் பார்த்து, கலப்பையைத் தூக்கும் லிப்ட் படுத்துவிட்டது. நல்ல வெயில் அடித்தால் ஈரம் போய்விடும், அந்த வருஷ வெள்ளாமை அவ்வளவுதான். விதைப்புச் சமயத்தில் இரவலுக்கு எவன் வண்டி தருவான்?

பக்கத்துப் புஞ்சைக்காரர் யோசனை சொல்ல வந்துவிட்டார். "ஏ தாயி, டூப்ளிகேட் சீல் ஒண்ண மாட்டிக் கொண்டு போ. அவன் என்ன கண்டுபிடிக்கவா போறான்?"

"லிப்டுக்கும் பம்புக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்? இருக்கபடியே கொண்டு போறேன்" என்றார் மதினி.

கலப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோவில்பட்டி ஷோரூமுக்கு வண்டியை ஓட்டிப் போனார். நானும் கூடப் போனேன். மேனேஜர், "என்னம்மா பிரச்சினை?" என்றார்.

"லிப்ட் தூக்க மாட்டேங்குது சார். பம்ப ஏத்திருக்கேன், சீல் ஒடச்சாச்சு. அதையும் சொல்லிருதேன்."

எனக்கு வந்ததே கோபம்! கேட்காத கேள்விக்கு யாராவது பதில் சொல்வார்களா? காலால் மெல்ல இடித்தேன். "என்னத்துக்குத் தம்பி மிதிக்கீங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். என் மானம் போயிற்று.

மேனேஜர் முகம் மாறியது. "அப்போ வாரண்டி கிடையாதும்மா."

"இன்ஜினுக்குக் கிடையாது சார், ஒத்துக்கிடுதேன். டீசலக் கூட்டுனதுனாலதான் லிப்ட் போச்சுன்னு ஒங்க மெக்கானிக் கழத்திப் பாத்துச் சொல்லட்டும். பேசாமப் போயிருதேன்."

குரலை உயர்த்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அப்படி நின்று பேச எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. மெக்கானிக் லிப்டைக் கழற்றினார். உள்ளே ஒரு வால்வு, கம்பெனியிலிருந்து வரும்போதே கோணலாக வந்திருந்தது. பம்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புது வால்வை வாரண்டியிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். இன்ஜின் வாரண்டியை மட்டும் ரத்து செய்தார்கள்.

கிளம்பும்போது மேனேஜருக்கே மனசு கேட்கவில்லை. "லிப்ட் வேலைக்கு வந்த வண்டியில பம்ப யாரும்மா பாக்கப்போறா? சொல்லாம இருந்திருந்தா இன்ஜின் வாரண்டியும் இருந்திருக்குமே" என்றார்.

"இருந்திருக்கும் சார். நாளைக்கு இன்ஜின் போச்சுன்னா அத ஒங்க தலையில கட்ட, நான் பொய்யோட வந்து இங்கன நிக்கணும்லா. ஏத்துனது நாந்தான. போனா எனக்குப் போகட்டும்."

அந்த இடத்திலேயே மதினியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. அவர் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஏறுங்க தம்பி, அங்கன ஈரம் காயுது."