வேப்பம்பிசினும் அரை பாட்டில் பெட்ரோலும்

மதியம் இரண்டு பத்துக்குக் கண் விழித்தேன். எல்லாம் கெடத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். காரில் இருக்கையைச் சாய்த்துப் போட்டு, கழுத்து வலிக்கத் தூங்கியிருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால், வெள்ளை பானட் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஏதோ தெரிந்தது. மின்கம்பியில் உரசுகிறது என்று போன வாரம்தான் அந்த வேப்பமரத்தின் கிளைகளை வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடமெல்லாம் பிசின் வடிந்து, கார்மேல் விழுந்து, வெயிலில் காய்ந்து கிடந்தது.

இடம், திருத்தங்கலைத் தாண்டி ஒரு பட்டாசுத் தொழிற்சாலையின் வாசல். வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு எதிரே, சாலையோர மரத்தடியில்தான் நிறுத்த வேண்டும். உள்ளே பாதுகாப்புப் பிரிவில் என் மகள் பயிற்சிக்குச் சேர்ந்து அன்று நான்காவது நாள். அவள் போட்ட நிபந்தனை எளிமையானது. காலையில் நான் கொண்டுவந்து விடலாம், மாலை ஐந்தரைக்கு வந்து கூட்டிப்போகலாம். இடையில் விருதுநகரில் எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து காவல் காத்தேன் என்று தெரிந்தால், மறுநாளே தொழிலாளர்களோடு வேனில் ஏறிவிடுவாள்.

நான்கு நாளும் நான் வீட்டுக்குப் போகவில்லை.

பள்ளியில் முதுகுவலி என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். உண்மையான காரணம், சில மாதங்களுக்கு முன் வகுப்பில் கேட்ட ஒரு சத்தம். எங்கள் பள்ளி சிவகாசிக்குப் பக்கம். நான் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது தூரத்தில் ஒரு அதிர்வு, ஜன்னல் கதவு லேசாக நடுங்கியது. திரும்பிப் பார்த்தால் பாதி வகுப்பு, யாரையும் கேட்காமல், எழுந்து நின்றிருந்தது. தன் அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி எந்தத் திசை என்று ஒவ்வொருத்தியும் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அன்றிலிருந்து சமையலறையில் தட்டு விழுந்தாலும் எனக்குத் தூக்கிப் போடுகிறது. இந்த நிலைமையில்தான் மகள் இந்த வேலைக்குப் போகிறேன் என்றாள். "யாராவது உள்ள இருந்து பாத்துக்கிடணும்லம்மா" என்றாள். அப்படியானால் வெளியே இருந்தும் ஒருத்தி பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் முடிவு செய்தேன். ஏதாவது நடந்தால் காருக்குள் தூங்கும் வேதியியல் ஆசிரியை என்ன செய்துவிடுவாள் என்று யோசிக்கவில்லை.

இப்போது பிசின் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறது. எங்கள் தெருவில் கார்மேல் பிசின் வடிக்கிற அளவுக்கு ஒரு மரமும் கிடையாது.

நகத்தால் சுரண்டினேன், நகம் உடைந்தது. கைப்பையில் இருந்த சானிடைசரை ஊற்றித் தேய்த்தேன், பிசின் முன்னைவிட இறுகியது. தேங்காய் எண்ணெய் பூசினேன். அதில் பிசின் பளபளப்பானதுதான் மிச்சம்.

காவலாளி சாலையைக் கடந்து வந்தார். என் ரகசியத்தை நான்கு நாளாகக் காப்பாற்றி வருபவர்.

"என்ன டீச்சர், காருக்கு எண்ண தேய்ச்சுக் குளிப்பாட்டுதீகளா?"

"பிசின் ஒட்டியிருக்கு அண்ணாச்சி. அஞ்சரைக்குள்ள போகணும்."

"வீட்டுல இருந்துக்கிட்டா பிசினும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு லாரி வரவே கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

பக்கத்தில் நின்ற தொழிலாளர் வேனில் படுத்திருந்த டிரைவர் எழுந்து வந்து பானட்டைத் தடவிப் பார்த்தார். "இதுக்குப் பெட்ரோல்தான் மருந்து. ஒரே துடை, வழிச்சிக்கிட்டு வந்துரும்." தன் பைக்கிலிருந்து அரை பாட்டில் பிடித்தும் கொடுத்தார். நான் மூடியைத் திறந்து, துண்டை நன்றாக நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். வாடை குப்பென்று எழுந்தது. பிசின் அசையவில்லை.

விசில் சத்தம் நீளமாகக் கேட்டது. காவலாளி டிரைவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"ஏலே, ஒனக்குக் கூறு இருக்கா? பட்டாசுக் கம்பெனி வாசல்ல பெட்ரோலத் தொறப்பியா? உள்ள வெடிமருந்து லோடு எறங்கிக்கிட்டு இருக்கு."

"நா குடுக்கத்தான் செஞ்சேன். தொறந்தது டீச்சரு."

காவலாளி என் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கும் இதத்தான் சொல்லிக் குடுக்கீகளா?"

நான்கு நாளாக அந்தக் கேட்டுக்குள்ளிருந்து ஆபத்து வரும் என்று காத்திருந்தேன். கேட்டுக்கு வெளியே அதைத் திறந்து வைத்திருந்தவள் நான்.

"விசில் ஊதிட்டா, பாதுகாப்புப் பிரிவுலருந்து ஆளு வந்து எழுதியாகணும் டீச்சர். அந்தப் பிரிவுப் பெரியவரு இன்னைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் போயிட்டாரு" என்றார் காவலாளி. மீதியைச் சொல்லவில்லை.

என் மகள் ஒரு கையில் தண்ணீர் வாளியும் மறு கையில் பதிவேடுமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் நடை ஒரு நொடி தடுமாறியது, அவ்வளவுதான். பாட்டிலை மூடித் தூரமாகக் கொண்டுபோகச் சொன்னாள். பெட்ரோல் துண்டை மண்ணில் புதைக்க வைத்தாள். பானட்டைக் கழுவிவிட்டு, வேறொரு துணியைத் தண்ணீரில் முக்கிப் பிசின்மேல் விரித்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்தாள்.

"பேரு சொல்லுங்க."

சொன்னேன்.

"வண்டி நம்பர்?"

சொன்னேன்.

"வண்டி எத்தன மணியிலருந்து இங்க நிக்குது?"

"எட்டரை."

"இன்னைக்கு மட்டுமா?"

காவலாளி மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு நாளா" என்றேன். அதையும் எழுதினாள். கையெழுத்து வாங்கினாள். எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஈரத்துணியை எடுத்து இழுத்துத் துடைத்தாள். பிசின் ஊறிக் கொழகொழவென்று துணியோடு வந்துவிட்டது. வேப்பம்பிசின் தண்ணீரில் கரையும் என்பது எனக்கும் தெரிந்த சங்கதிதான்.

"அந்தக் கையோட ஸ்டியரிங்கத் தொடாத" என்றாள், இப்போது மகளின் குரலில். "சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வீட்டுக்குப் போ. நாளையிலருந்து நான் இந்த அண்ணன் வேன்லயே வந்துக்கிறேன்."