தாய்மாமனுக்கு ஆட்சேபம் உண்டு

சென்ற மாதம் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. காரணத்தைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் பக்கத்து ஆட்களாக இருந்தால் மட்டும், 'நியாயம்தானே?' என்பீர்கள்.

வேதக்கோயில் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவே ஐயர் — எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம் — மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசிப்பார். 'இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள்' என்பார். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். யார் சொல்லப் போகிறார்கள்? பெண்கள் பக்கம் குசுகுசுப்பு கேட்கும். ஆண்கள் பக்கம் இரண்டு பேர் இருமுவார்கள். அவ்வளவுதான்... அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம்.

அன்றைக்கு மூன்றாவது ஓலை. பெண் எஸ்தர், என் நண்பன் தேவசகாயத்தின் மகள். மாப்பிள்ளை ஜெயராஜ், பட்டாளத்தில் நாயக். லீவில் வந்திருந்தான். லீவு முடிந்ததும் அவனை எங்கே அனுப்புவார்கள் என்று அவனுக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. கிழக்கே என்பது மட்டும் ஊருக்கெல்லாம் தெரியும். கிழக்கே சண்டை எப்படி நடக்கிறது என்பதும் பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும். லீவில் பாதிக்கு மேல் ஓலைக்கே போய்விட்டதால், மூன்றாம் ஓலை முடிந்த கையோடு செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்று ஏற்பாடு.

ஐயர் வாசித்தார். கேட்டார். நின்றார்.

"எனக்கு ஆட்சேபம் உண்டு!"

திரும்பிப் பார்த்தோம். ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த சாலமோன் ஏட்டு எழுந்து நின்றார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. மீசைக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. எஸ்தரின் தாய்மாமன் வேறு!

பெண்கள் பக்கம் விசிறிகள் நின்றன. மாப்பிள்ளைக்கு வடக்கே எங்காவது இன்னொரு பெண்டாட்டி இருக்கிறாளோ? போலீஸ்காரராயிற்றே, ஏதோ விசாரித்து வைத்திருக்கிறார்! ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தடை, ஏட்டையா?"

"தாய்மாமன் நானு. மொத வெத்தல எனக்கு. புருசனும் பொண்டாட்டியுமா வந்து அழைச்சிருக்கணுமா இல்லையா? மச்சான் மட்டும் ஒத்தையா வந்து தட்ட நீட்டுதாரு. ஒத்த ஆளா வந்து சொல்லுததுக்கு இது என்ன கேதமா?"

சாவுச் செய்தி சொல்லத்தான் எங்கள் ஊர்களில் தனி ஆள் போவான். ஆகவே குற்றச்சாட்டு பெரியது. கூட்டத்தில் பாதித் தலைகள் 'அதானே' என்று ஆடியதை நானே பார்த்தேன்.

தேவசகாயம் பாவம், பதறி எழுந்தான். "மச்சான், அன்னிக்கு ரேசன்ல அரிசி போட்ட நாளு. ஒங்க தங்கச்சி வரிசையில நின்னுக்கிட்டு இருந்தா. விட்டுட்டு வந்திருந்தா கலியாணத்துக்கு எதைப் போட்டுச் சோறாக்க?"

"அரிசி பெருசா, அண்ணன் பெருசா?"

இந்தக் காலத்தில் இதற்கு உண்மையான பதிலைச் சொல்லியிருந்தால் கல்யாணம் அங்கேயே முடிந்திருக்கும். நல்ல வேளை, யாரும் சொல்லவில்லை.

ஏட்டையா போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. கோயில் வாசலில் நாலு பேர் கையைப் பிடிப்பார்கள், தங்கை அழுவாள், மீசையைத் தடவி மனம் இரங்கலாம். அதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பகல் சாப்பாட்டுக்குள் கோபம் தீர்ந்து, தங்கை கையால் மீன் குழம்பும் சாப்பிட்டார். சாயங்காலம் ஐயர் வீட்டுக்குப் போய், "அதை வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றார்.

வாபஸா? சபைக் கமிட்டியின் காரியதரிசி தங்கையா வாத்தியார் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார், விதிகளோடுதான் குடித்தனம். "ஆட்சேபம் சொல்ல விதி இருக்கு. வாபஸ் வாங்க விதி இல்லியே! சபை நடுவுல சொன்னதைக் கமிட்டி கூடி விசாரிச்சுத்தான் தீரணும்" என்றார். ஐயரும் ஊருக்குப் புதிது. அவருக்கு என்ன வம்பு? சரி என்றுவிட்டார். செவ்வாய்க்கிழமைக் கல்யாணம் அந்த நிமிஷமே தள்ளிப் போயிற்று.

கமிட்டி கூடுவது என்றால் லேசா? எங்கள் மெம்பர்கள் சீட்டு அனுப்பினால் வரமாட்டார்கள். யாருக்குக் காரியம் ஆகவேண்டுமோ அவர் வீடு வீடாக வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும். ஆகவே சாலமோன் ஏட்டையா தட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்!

நானும் ஒரு மெம்பர். என் வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தவள் என் மனைவி.

"ஒத்தையாவா வந்திய? ஏட்டம்மா வரலியா?"

"அவளுக்கு மூட்டு வலி, தாயி. பெட்ரோல் இல்லாம கரியில ஓடுத பஸ்ஸுல ஏற முடியாதுன்னுட்டா."

"அதான பாத்தேன்! ஒத்த ஆளா நிக்கியளே, ஏதும் கேதமோன்னு பயந்துட்டேன்."

என் மனைவி விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் மற்ற மெம்பர் வீடுகளில் அதையே விளையாட்டில்லாமல் சொல்லிவிட்டார்கள். மனிதர் ராஜபாளையம் திரும்பிப்போய், மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மூட்டு வலிக்காரியை ஏற்றிக்கொண்டு வந்து, மறுபடி முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். அதில் செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. வியாழன் வெள்ளியையும் நம்பவேண்டாம் என்று ஆகிவிட்டது.

இடையில் ஒருநாள் ஜெயராஜைக் கடைத் தெருவில் பார்த்தேன். "லீவை நீட்டிக் கேளேன் தம்பி" என்றேன்.

"காரணம் என்னன்னு சார் எழுத? மாமனுக்கு வெத்தல சரியா வைக்கலன்னா? எங்க மேஜர் வெள்ளக்காரரு சார். அவருக்குத் தாய்மாமன்னா என்னன்னே தெரியாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கையில் இருந்த தொப்பியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்களில் நானும் ஒருவன் அல்லவா?

கடைசியில் சனிக்கிழமை கமிட்டி கூடியது. முதலில் ஹார்மோனியப் பெட்டியை எலி கடித்தது பற்றிப் பேசினோம். பிறகு, யார் வீட்டு ஞானஸ்நானத்தில் யாரைக் கூப்பிடவில்லை என்ற பழைய வழக்குகள் எழுந்தன. பிறகுதான் எஸ்தர் ஞாபகம் வந்தாள். 'ஏட்டு சொன்னது ஆட்சேபமே அல்ல' என்று தீர்மானம் எழுதி வாசித்தார் வாத்தியார்.

வாசலில் நின்ற ஏட்டையா உள்ளே பாய்ந்தார். "அப்ப நான் சொன்னது ஒண்ணுமில்லன்னு சொல்லுதியளா?"

தீர்ந்தது! இன்னொரு வாரம் போகப் போகிறது என்று நினைத்தேன். நல்ல வேளை, வாத்தியார் பேனாவை மையில் தொட்டு அடித்துத் திருத்தினார். 'ஆட்சேபம் மதிக்கத்தக்கதே, ஆயினும் ஏற்கத்தக்கதல்ல.' ஏட்டையா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'மதிக்கத்தக்கது' என்ற இடத்தில் முகம் மலர்ந்தது. எல்லாரும் கைகொடுத்துக்கொண்டோம், ஏதோ சமாதான ஒப்பந்தம் முடிந்தாற்போல.

நம் கல்யாணங்களில் எல்லாருக்கும் ஒரு மரியாதை உண்டு. மாமனுக்கு உண்டு, சம்பந்திக்கு உண்டு, பந்தல்காரனுக்குக்கூட உண்டு. கல்யாணம் செய்துகொள்கிற இரண்டு பேரைத்தான் யாரும் அழைப்பதே இல்லை!

மறு செவ்வாய் கல்யாணம் நடந்தது. குறை சொல்லக்கூடாது, ஏட்டையா சீர்வரிசையை அமர்க்களமாகக் கொண்டுவந்தார். லீவு முடிந்து வியாழக்கிழமை காலை ரயிலில் ஜெயராஜ் புறப்பட்டுவிட்டான். கல்யாண மஞ்சள்கூட மங்காத எஸ்தர் பிளாட்பாரத்தில் நின்றாள். வண்டி வளைவில் மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டையா பக்கத்தில் போனார். "ஏட்டி எஸ்தரு, அழாத. மாமன் எல்லாத்தையும் மொறப்படி நடத்தி வச்சிட்டேம்லா? ஒனக்குச் சந்தோசந்தான?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொறையில ஒரு கொறையும் இல்ல மாமா. நாங்க சேந்து இருக்க இருந்த நாளைத்தான் எல்லாருமாச் சேந்து செலவழிச்சிட்டிய."

கோபமாகச் சொல்லவில்லை. ஏட்டையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். வழியனுப்பப் போயிருந்த கமிட்டிக்காரர்கள் நாங்கள் தண்டவாளத்தைப் பார்த்தோம்.

எங்கள் ஊரில் எல்லாருடைய மரியாதையும் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பையன் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும்.