இரண்டாண்டு செல்லுபடியாகும் ஆங்கிலம்

"ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர். ஆங்கிலம் கற்பிக்கும் தகுதி உறுதிசெய்யப்பட வேண்டும்." வேலை விசாவைப் புதுப்பிக்கும் கோப்பின் முதல் பக்கம் நெனிதா பகால்சோவைப் பற்றி இப்படித்தான் சொல்கிறது. அந்தக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் கதை சொல்லி, கதையில் வந்த கழுதைக்கும் தானே குரல் கொடுத்து, சிரித்து உருண்ட பிள்ளைகளை ஆங்கிலத்திலேயே அதட்டி உட்காரவைத்துவிட்டு இப்போதுதான் ஆசிரியர் அறைக்குள் வருகிறார். இழுப்பறையைத் திறந்து, பொரித்த பன்றித்தோல் பாக்கெட்டைப் பிரிக்கிறார்.

பாக்கெட் பிரிந்தால் கோபம் என்று பொருள். நெனிதா அக்கா கத்தமாட்டார், கடிப்பார். மெல்ல நொறுங்கினால் ஜெராக்ஸ் மிஷின் படுத்துவிட்டது. பக்கத்து அறைவரை கேட்டால் குடியேற்ற அலுவலகம்.

"இங்கிலீஷ் என்ன பாலா, ரெண்டு வருஷத்துல திரிஞ்சு போறதுக்கு?"

விசாவுக்குக் கேட்கும் ஆங்கிலத் தேர்வுச் சான்று இரண்டாண்டுக்குத்தான் செல்லும். பிறகு மறுபடி எங்கள் ஊரான நக்கோன் சவானிலிருந்து பாங்காக்குக்குப் பஸ் ஏறி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் பேசுவதைக் கேட்டு, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். "ஏர்போர்ட்லதான் இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் வர்றேன். பாவம், இன்னும் வீடு போய்ச் சேரலை."

கோப்பில் இருப்பது பொய் என்றும் சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் பிலிப்பினோக்கள் நான்கு பேர். எல்லோரும் பிலிப்பைன்ஸின் போஹோல் தீவுப் பேச்சில் பிறந்து வளர்ந்து, ஆங்கிலத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். அக்கா ஜெபம் சொல்வது போஹோல் பேச்சில். வசவும் அதில்தான், அதுவும் ஜெபத்தைவிடச் சரளமாக. தாய்மொழி எது என்பதில் அரசாங்கத்துக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. "அப்ப அந்த ஆளுக்கு மட்டும் என்ன, தொட்டில்லயே இங்கிலீஷா?" என்பதுதான் கேள்வி.

அந்த ஆள் லாஸ்லோ. ஹங்கேரிக்காரன், போன வருடம் வந்தான். அவன் ஊரிலும் யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவன் கோப்பிலும் அதே வாசகம்தான். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் எங்கள் பள்ளி விளம்பரப் பலகையில் இருப்பது அவன் முகம். அவனைச் சுற்றிச் சிரிப்பவர்கள் அக்காவின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். காலையில் வாசலில் நின்று பெற்றோருக்குக் கைகூப்புவது அவன் பணி. வகுப்பு எடுப்பது அக்காவின் பணி. அவனுக்குச் சம்பளம் அதிகம், வாசலில் வெயில் அடிப்பதாலோ என்னவோ.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனைத் தேர்வுக்குத் தயார்செய்யும் வேலையும் அக்கா தலையில் விழுந்தது. "அவரு பாஸ் ஆகட்டும், ரெண்டு பேர் பேப்பரையும் சேர்த்தே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் பள்ளி இயக்குநர் சுமாலி. இயக்குநரின் கையெழுத்து இல்லாமல் விசா புதுப்பிக்க முடியாது. விசா முடிந்தால் அக்கா ஊர் திரும்ப வேண்டும். ஊரில் கிடைக்கும் சம்பளத்தில் மகளின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கும். ஆகவே அக்கா சோற்றுப் பொட்டலத்தை ஒரு கையிலும் பாடப் புத்தகத்தை மறு கையிலுமாக உட்கார்ந்தார். "எதுவும் புரியலைன்னா ஏர்போர்ட்டுன்னு போடு தம்பி, பாதி நேரம் அதுதான்." லாஸ்லோ நல்லவன். அக்காவுக்கென்று ஊரிலிருந்து பிஸ்கட் வரவழைத்துக் கொடுத்தான். "கெட்டவனா இருந்திருந்தா எனக்கு வசதியா இருந்திருக்கும்" என்று அக்கா அதையும் கடித்தார்.

அவன் பாஸானான். அன்று மாலையே அவன் பேப்பரில் கையெழுத்து விழுந்தது. அக்காவுடையது மேசையிலேயே கிடந்தது. கேட்கப் போனவரை இயக்குநர் உட்காரவைத்து, குளிர்ந்த தேநீர் கொடுத்து, புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம்.

"ஆசிரியர் வணக்க நாள் முடியட்டும் டீச்சர் நெனி. அன்னைக்கு பேரன்ட்ஸ் எல்லாம் போட்டோ எடுப்பாங்க. முன்வரிசையில லாஸ்லோ உக்காரட்டும். நீங்க பின்னால நின்னு பிள்ளைங்களை வரிசையா அனுப்புங்க. கோவிச்சுக்காதீங்க, நீங்க நம்ம வீட்டு மனுஷி. வீட்டு மனுஷி எங்கயாவது முன்னால வந்து உக்காருவாங்களா?"

"சரிங்கம்மா" என்றார் அக்கா.

திரும்பி வந்தவர் இழுப்பறையைத் திறக்கவில்லை. எதிர் மேசையிலிருந்து நான்தான் கேட்டேன்: "அக்கா, பாக்கெட் தீந்துடுச்சா?"

"இருக்கு."

"பின்ன?"

"பசிக்கலை."

எங்களுக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது.

இதை எழுதும்வரை அந்தக் கையெழுத்து விழவில்லை. விசா இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வணக்க நாளன்று நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் விடியற்காலையிலேயே பூத்தட்டுகள் கட்டியிருந்தார்கள். வெட்சிப்பூ, அருகம்புல், கத்தரிப்பூ. மேடையில் இயக்குநர், அவருக்கு அடுத்து லாஸ்லோ, பிறகு தாய்லாந்து ஆசிரியைகள். பின்னால் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் அக்கா. ஆறாம் வகுப்பின் சார்பில் பிளாய் என்ற பெண் தட்டோடு முழங்காலிட்டு மேடையில் நகர்ந்துவந்தாள். லாஸ்லோ முன் வந்ததும் முழங்காலிலேயே நிமிர்ந்தாள். தட்டை நீட்டாமல், அவன் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள்.

"குடும்மா, சாருக்குக் குடு" என்றார் இயக்குநர், புன்னகை மாறாமல்.

பிளாய் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது டீச்சர் நெனிக்குக் கட்டினது."

ஸ்பீக்கர் பக்கமிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசி வரும் சத்தம் கேட்டது. லாஸ்லோ திரும்பிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டான். இயக்குநர் உதடு அசையாமல் சொன்னார்: "டீச்சர் நெனி, உங்க பேப்பர் என் மேசையிலதான் இருக்கு."

"தெரியுங்கம்மா."

நெனிதா அக்கா நாற்காலியை முன்வரிசையில் இயக்குநருக்கும் லாஸ்லோவுக்கும் நடுவில் போட்டு, உட்கார்ந்து, தட்டுக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.